தூண்டிலுக்கு முன் தண்ணீர்: பாஸ் மீன்பிடிப்பின் அடிப்படைகள்

அமெரிக்காவின் நன்னீர்த் தூண்டில்காரர்கள் வேறெந்த மீனையும்விட அதிகமாகத் தேடிப் போவது பாஸ் மீனைத்தான். தமிழ்நாட்டு மீன் கடைகளில் ‘சீ பாஸ்’ என்று விற்கப்படும் கொடுவாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. கொடுவா கடலிலும் கழிமுகத்திலும் வளர்வது. பாஸ் முழுக்க முழுக்க ஏரி, குளம், ஆற்று மீன். மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் பேரேரிப் பகுதியும் புளோரிடாவும்தான் அதன் சொந்த ஊர்.

தூண்டில்காரர்கள் பெரிதும் நாடுவது இரண்டு வகைகளை: பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ். வாயை மூடிய நிலையில் மேல்தாடையின் முனை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் அது பெருவாய். கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் சிறுவாய். பெருவாய் பச்சை நிறம், விலாவில் கரிய பட்டை ஒன்று நீளவாக்கில் ஓடும். சிறுவாய் வெண்கல நிறம், பட்டைகள் மேலிருந்து கீழாக இறங்கும். பெருவாய்க்குப் பிடித்தது கொடிப்பாசி மண்டிய, அசைவற்ற, வெதுவெதுப்பான தண்ணீர். சிறுவாய் பாறையும் கூழாங்கல்லும் உள்ள, தெளிந்த, சற்றுக் குளிர்ந்த நீரை விரும்பும். புதிதாகத் தூண்டில் பிடிப்பவருக்கு எளிதில் அகப்படுவது பெருவாய் என்பதால் இங்கே பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே.

ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ மீன் கிடைத்தாலே நல்ல மீன்தான். ஆனால் இந்த மீன் எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்விக்கு வியப்பூட்டும் விடை உண்டு. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த மீன் 22 பவுண்டு 4 அவுன்சு, அதாவது பத்து கிலோவுக்குச் சற்று மேல். அந்தச் சாதனையை எழுபத்தேழு ஆண்டுகள் எவராலும் எட்ட முடியவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீன் ஏறத்தாழ ஒரு அவுன்சு கூடுதலாக இருந்தது. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்சாவது கூட வேண்டும் என்பது விதி. அதனால் இருவரின் மீன்களும் சமநிலையில் நிற்கின்றன. இடையே 2006இல் கலிபோர்னியாவின் டிக்ஸன் ஏரியில் சுமார் 25 பவுண்டு மீன் ஒன்று அகப்பட்டது. முள் வாயில் தைக்காமல் உடலில் தைத்திருந்ததால், பிடித்தவர் எடை பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். சாதனைக்கும் உரிமை கோரவில்லை.

பாஸ் மீன்பிடிப்பில் முதலில் கற்க வேண்டியது கருவிகளை அல்ல, தண்ணீரை. கடையில் அடுக்கிவைத்திருக்கும் நூற்றுக்கணக்கான போலி இரைகளில் எதை வாங்குவது என்ற குழப்பத்திலேயே புதியவர்களின் பணமும் பொழுதும் போகின்றன. மீன் இருக்கும் இடத்தில் சாதாரண இரையைப் போட்டாலும் பலன் உண்டு. மீன் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த இரையும் வீண்.

பாஸ் பதுங்கித் தாக்கும் மீன். நெடுந்தூரம் துரத்தி வேட்டையாடுவதைவிட, மறைவில் நின்று, அருகே வரும் சிறு மீனையோ நண்டையோ தவளையையோ வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்வதே அதன் வழக்கம். ஆகவே மறைவு எங்கே இருக்கிறதோ அங்கே தேட வேண்டும். தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் தூண்கள், அல்லி இலைப் பரப்பு, மூழ்கிய பாறை எல்லாமே அதன் வீடுதான். இவற்றைவிட முக்கியமானது ஓரம். பாசி முடிந்து வெட்டவெளித் தண்ணீர் தொடங்கும் கோடு, மேடு சரிந்து ஆழமாகும் விளிம்பு, நிழலும் வெயிலும் சந்திக்கும் இடம், கலங்கல் நீர் தெளிந்த நீரோடு கலக்கும் இடம் ஆகியவற்றில்தான் அது காத்திருக்கும். புதியவர்கள் கரையில் நின்று ஏரியின் நடுவே எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசுவார்கள். ஆனால் மீன் பல நேரம் அவர்கள் காலடியிலிருந்து நாலைந்து மீட்டருக்குள், கரையோரத்து மறைவிலேயே நின்றுகொண்டிருக்கும். கரைக்கு இணையாக வீசிப் பார்ப்பது முதலில் பழக வேண்டிய வித்தை.

அடுத்தது வெப்பநிலை. மீனின் உடல் சூடு தண்ணீரின் சூட்டோடு ஏறி இறங்குவதால், அதன் பசியும் சுறுசுறுப்பும் அப்படியே மாறும். வசந்தத்தில் தண்ணீர் 15 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பாஸ் ஆழத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். ஆண் மீன் வாலால் தரையைக் கூட்டிக் கிண்ணம்போல் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போன பிறகு முட்டையையும் குஞ்சுகளையும் காவல் காப்பதும் ஆண்தான். கூட்டை நெருங்கும் எதையும் அது தாக்கும் என்பதால் அந்த நாட்களில் பிடிப்பது மிக எளிது. ஆனால் காவல் மீனைத் தூக்கிய சில நிமிடங்களில் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் இந்தப் பருவத்தில் பாஸ் பிடிக்கத் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும் கூட்டு மீனை விட்டுவிடுவதே நேர்மை.

கோடையில் விடியற்காலையும் அந்திப்பொழுதும் மேட்டில் இரை தேடும். வெயில் ஏறினால் அடர்ந்த பாசியின் அடியிலோ ஆழத்திலோ ஒதுங்கும். ஆழமான ஏரிகளில் கோடைக்காலத்தில் மேலே வெதுவெதுப்பான நீரடுக்கும் கீழே குளிர்ந்த நீரடுக்கும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். கீழ் அடுக்கில் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால், ஆழம் என்று எண்ணி அடித்தரை வரை இரையை இறக்குவதில் பயனில்லை. இலையுதிர் காலத்தில் சிறு மீன் கூட்டங்கள் ஓடை முகங்களுக்குள் போகும், பாஸும் பின்தொடரும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் அது மந்தமாகிவிடும். சிறிய இரையை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தால்தான் வாய் திறக்கும்.

இனி கருவிகள். ஆறரை முதல் ஏழு அடி நீளம், நடுத்தர வலிமை உள்ள ஒரு கோலும், அதற்கேற்ற ஸ்பின்னிங் ரீலும் இருந்தால் தொடங்கப் போதும். ஸ்பின்னிங் ரீலில் தூண்டில் நரம்பு சுற்றிய உருளை அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பு வழியாகக் கழன்று போகும், சிக்கல் குறைவு. பெய்ட்காஸ்டிங் ரீலில் உருளையே சுழலும். கனமான இரையைக் குறிவைத்துப் போடவும் பாசிக்குள்ளிருந்து பெரிய மீனை இழுக்கவும் அதுவே சிறந்தது. ஆனால் இரை தண்ணீரில் விழுந்த பிறகும் உருளை சுழன்றுகொண்டிருந்தால் நரம்பு குவியலாகப் பிணைந்துவிடும். இதைத் தவிர்க்க ஒரு எளிய சோதனை உண்டு. இரையைக் கோல் நுனியில் தொங்கவிட்டு உருளையின் பூட்டை விடுவிக்க வேண்டும். இரை மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் உருளை நிற்கும் அளவுக்குப் பக்கத் திருகை இறுக்கினால் சரி. மீதி வேலை கட்டைவிரலுடையது: இரை நீரைத் தொடும் கணத்தில் உருளையை அழுத்தி நிறுத்தப் பழக வேண்டும்.

நரம்பில் மூன்று வகை. தங்கூசி என்று தமிழ் மீனவர்கள் சொல்லும் நைலான் நரம்பு மலிவு, கொஞ்சம் நீளும், முடிச்சு நன்றாகப் பிடிக்கும். 8 முதல் 12 பவுண்டு வலிமை பெரும்பாலான வேலைக்குப் போதும். புளூரோகார்பன் நரம்பு நீருக்குள் எளிதில் கண்ணில் படாது, மூழ்கும், மீன் தொடுவதைக் கைக்கு நன்றாகத் தெரிவிக்கும். தெளிந்த நீருக்கு உகந்தது. பின்னல் நரம்பு மெல்லியது, மிக வலியது, நீளவே நீளாது. அடர்ந்த பாசியில் 50 பவுண்டு பின்னல் நரம்பு இல்லாமல் பெரிய மீனை வெளியே கொண்டுவருவது கடினம்.

முடிச்சுகளில் பாலோமார் ஒன்று தெரிந்தாலே போதும். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, மீந்த வளையத்துக்குள் முள்ளையே முழுதாகக் கடத்தி இழுத்தால் பாலோமார். இறுக்கும் முன் எச்சிலால் ஈரமாக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உரசலில் சூடேறி வலிமை இழக்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நரம்பின் கடைசி ஒரு மீட்டரை விரல்களுக்கிடையே உருவிப் பார்ப்பது நல்லது. சொரசொரப்பு தட்டினால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். பெரிய மீன் தப்பிய கதைகளில் பல இந்த அரை நிமிடச் சோம்பலில் தொடங்கியவை.

லூர் என்று தூண்டில்காரர்கள் சொல்லும் போலி இரைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மென்பிளாஸ்டிக் புழுவைத்தான் சொல்ல வேண்டும். ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் 1949இல் இதை உருவாக்கினார்; பாஸ் மீன்பிடிப்பின் போக்கையே அது மாற்றியது. இதைக் கட்டும் முறைகளில் டெக்சாஸ் கட்டு முதன்மையானது. முதலில் துப்பாக்கிக் குண்டு வடிவ ஈயத்தை, கூர்முனை மேலே இருக்கும்படி நரம்பில் கோக்க வேண்டும். ஐந்து கிராம் முதல் பத்து கிராம் வரை போதும். பிறகு காதுக்குக் கீழே ஒரு மடிப்புள்ள ஆஃப்செட் முள்ளைக் கட்ட வேண்டும். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் அரை சென்டிமீட்டர் ஏற்றிப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, காது வரை இழுத்து, முள்ளை அரைச்சுற்றுத் திருப்பி, நுனியை மீண்டும் புழுவின் உடலுக்குள் புதைக்க வேண்டும். புழு கோணாமல் நேராகத் தொங்கினால் கட்டு சரி. கோணினால் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கிவிடும். நுனி உள்ளே மறைந்திருப்பதால் இது கிளைக்குள்ளும் பாசிக்குள்ளும் சிக்காமல் போய்வரும். இதை வீசியதும் சுருட்டக் கூடாது. தரை வரை மூழ்கவிட்டு, கோலை மெல்ல உயர்த்தி, மறுபடி இறக்கி, தளர்ந்த நரம்பை மட்டும் சுருட்ட வேண்டும். பெரும்பாலும் புழு கீழே இறங்கும்போதுதான் மீன் எடுக்கும். கைக்கு ஒரு தட்டல் தெரியும், அல்லது நரம்பு தானாகப் பக்கவாட்டில் நகரும். நரம்பைக் கண்ணால் கவனிப்பவருக்கே மீன் அதிகம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட் கலங்கல் நீருக்கும் காற்றடிக்கும் நாளுக்கும் ஏற்றது. முகப்பில் தட்டையான உதடு உள்ள கிராங்க்பெய்ட் இழுத்தால் ஆழத்துக்குப் பாயும். பரந்த இடத்தில் மீனை வேகமாகத் தேட அது உதவும். நீர்மேல் சத்தமிட்டு வரும் பாப்பர் விடியலுக்கும் அந்திக்கும். உள்ளீடற்ற ரப்பர் தவளையின் முள்கள் உடலோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் பாசிப் பரப்பின் மேலேயே இழுத்து வரலாம். தவளையை மீன் விழுங்கப் பாயும் சத்தம் கேட்டதும் கோலைச் சுண்டினால் தவளைதான் கைக்குத் திரும்பும். பாரம் கோலில் தெரிந்த பிறகே சுண்ட வேண்டும். நிறத்தைப் பற்றிக் கடைகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தெளிந்த நீரில் பச்சையும் பழுப்புமான இயற்கை நிறங்கள், கலங்கலில் கறுப்பு அல்லது பளிச்சிடும் மஞ்சள்பச்சை என்ற விதி போதுமானது.

மாட்டிய பாஸ் தண்ணீருக்கு மேலே துள்ளி, வாயைத் திறந்து தலையை உதறும். அந்த உதறலில்தான் முள் கழலும். மேலே வரப்போகிறது என்று தெரிந்தால் கோல் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்தி, நரம்பைத் தளரவிடாமல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ரீலின் இழுவைத் திருகு, நரம்பின் வலிமையில் கால்பங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு விசையில் நரம்பை விட்டுக்கொடுக்கும்படி இருந்தால் நரம்பு அறாது.

இந்த விளையாட்டில் மீனை விட்டுவிடும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பாஸ் தூண்டில்காரர் சங்கத்தைத் தொடங்கிய ரே ஸ்காட், 1972இல் தம் போட்டிகளில் மீனை உயிரோடு திருப்பி விடும் முறையைக் கொண்டுவந்தார். போட்டியாளர்களைப் பார்த்துச் சாதாரணத் தூண்டில்காரர்களும் அதைப் பின்பற்றத் தொடங்கினர். டெக்சாஸில் 1986 முதல் 13 பவுண்டோ அதற்கு மேலோ உள்ள பாஸ் மீன்களை இனப்பெருக்கத்துக்காகத் தூண்டில்காரர்களிடமிருந்து அரசு இரவலாகப் பெறும் திட்டமும் நடக்கிறது. விடும் மீன் பிழைக்க வேண்டுமானால் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பைச் சிதைத்துவிடும். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கலாம். பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துப் படுக்கைவசமாக நீட்டினால் தாடை முறியலாம். இன்னொரு கையை வயிற்றுக்குக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமச் சீட்டும் அளவு வரம்பும் உண்டு. டெக்சாஸின் பொது விதிப்படி 14 அங்குலத்துக்குக் குறைந்த பெருவாய் பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் எடுக்கவும் கூடாது.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த மீனின் கதை வேறு. ஜப்பானுக்கு 1925இல் கொண்டுவரப்பட்ட பாஸ் ஏரி ஏரியாகப் பரவி, உள்ளூர்ச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அங்கே அதை வளர்ப்பதும் உயிரோடு எடுத்துச் செல்வதும் வேறு நீர்நிலையில் விடுவதும் குற்றம். இங்கே தென்னிந்தியாவில் தூண்டில்காரர்கள் அதே ரப்பர் தவளையைக் கொண்டு பாசிக் குளங்களில் விரால் பிடிக்கிறார்கள். விராலும் பாசிக்கடியில் பதுங்கித் தாக்கும் மீன், குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். பாஸ் மீன்பிடிப்பின் நுட்பங்களை இங்கே தாராளமாகக் கடன் வாங்கலாம். மீனை மட்டும் இங்கே கொண்டுவந்து விடக் கூடாது.