காதுவழி (9): கூளி சொன்ன போர்

சென்ற வாரம் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் கட்டபொம்மன் வசனம் கேட்ட கதையோடு நிறுத்தியிருந்தேன். போர்க்கதை, மாயக்கதை, விஞ்ஞானக்கதை மூன்றையும் ஒலிப்புத்தகமாகக் கேட்பதைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். இந்த மூன்றும்தான் நான் அதிகம் கேட்பவை. அவற்றைக் கேட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஆலத்தூர் கேட்டிலிருந்து மேற்கே திரும்பினால் செட்டிகுளம். குன்றின் மேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணி, கீழே ஏகாம்பரேசுவரர், சுற்றிலும் சின்ன வெங்காயம். அறுவடை முடிந்ததும் மூங்கில் தட்டி அடித்துக் கீற்று வேய்ந்த பட்டறைக்குள் வெங்காயத்தைக் கொட்டி வைப்போம். பட்டறைக்கு வெளியே, புங்க மர நிழலில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து தாள் அரிவார்கள். கை வேலை ஓயாது, கண்ணும் கையோடு கட்டுண்டு கிடக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்காகத்தான் நான் கைப்பேசியை ஒரு வெறும் எவர்சில்வர் குண்டானுக்குள் நிறுத்தி வைப்பேன். சத்தம் பாத்திரத்தில் மோதிப் பெருகி, கடைசியில் உட்கார்ந்திருப்பவர் வரை போகும்.

போன மாசி மாதம் அப்படி ஒரு சரித்திர நாவலின் போர் அத்தியாயத்தை ஓடவிட்டேன். வாள் மோதும் ஒலி, குதிரைக் குளம்பு, யானைப் பிளிறல், கொம்பு, முரசு, அதற்கு மேலே பின்னணி இசை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கால் மணி நேரம் போனதும் அத்தை அரிவாளை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, ஒரே சத்தமா கெடக்கு. யாரு செத்தா?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் திண்ணையில் சாய்ந்திருந்த பெரியப்பா எழுந்து வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். “யாரு செத்தான்னு அப்புறம் பாக்கலாம். எந்தப் பக்கமா வந்தானுவ? ஆறு எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம்? அதைச் சொல்லாம சண்டைய எப்படிடா பாக்குறது?” என்றார். “பாக்குறது” என்றுதான் சொன்னார். கேட்கும் கதையை அவர் பார்க்கத்தான் நினைக்கிறார்.

ஒலிப்புத்தகம் பற்றி நான் படித்த எந்த மதிப்புரையும் இந்த இரண்டு கேள்வியின் பக்கத்தில் நிற்காது. வாள் சத்தத்தை வைத்துக்கொண்டு காது ஒன்றும் செய்ய முடியாது. யார், எங்கே நிற்கிறார்கள் என்பது தெரிந்தால் போதும், மீதியைக் கேட்பவரே கட்டிக்கொள்வார். அது தெரியாத போர் வெறும் இரைச்சல்.

இதை நம்மவர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். அதுவும் நமக்கு வெகு அருகில். இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் குலோத்துங்கனின் தலைநகர். அவன் அவைப் புலவர் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைப் பள்ளியில் பெருமைக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதன் அமைப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். படை நடத்திப் போனவன் கருணாகரத் தொண்டைமான். ஆனால் போரை நமக்குச் சொல்வது அவனும் இல்லை, புலவரும் நேரே இல்லை. காட்டில் காளி வீற்றிருக்கிறாள். சுற்றிலும் பசியால் வாடி வற்றிய பேய்கள். கலிங்கத்திலிருந்து ஓடி வந்த ஒரு கூளி, தான் கண்ட போரைக் காளிக்குச் சொல்கிறது. கேட்டு முடித்த பேய்கள் களத்துக்குப் போய்க் கூழ் அடுகின்றன. போர்க்கதை, மாயக்கதை இரண்டும் ஒரே பாட்டில் இருக்கின்றன. நடுவில் ஒரு சொல்லி, எதிரே கேட்பவர்கள். தொள்ளாயிரம் ஆண்டுக்கு முந்திய இந்தப் பாட்டை நம் முதல் ஒலிப்புத்தகம் என்றே நான் நினைத்துக்கொள்வது உண்டு.

அதில் சத்தமும் உண்டு. ஆனால் அந்தச் சத்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. படை பாயும் இடத்தில் சந்தம் பாய்கிறது, களம் அடங்கும் இடத்தில் தானும் அடங்குகிறது. எங்கள் தமிழாசிரியர் அதை வகுப்பில் வாசித்தபோது மேசையைத் தட்டக்கூட இல்லை. குரல் மட்டும்தான். கடைசி வரிசைப் பையன்கள் உட்பட அத்தனை பேரும் குதிரையைக் கேட்டோம்.

தமிழ் ஒலிப்புத்தகம் தயாரிப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை இதிலிருந்து வருகிறது. பின்னணி இசையைக் குறையுங்கள். முடிந்தால் எடுத்தே விடுங்கள். எழுத்தாளர் வாக்கியத்துக்குள் வைத்த தாளத்தின் மேல் இன்னொரு தாளத்தைக் கொட்டினால் இரண்டும் கேட்காது.

ஒரு குரலா, பல குரலா என்பது அடுத்த விவகாரம். கல்கியின் பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். 1950இல் கல்கி இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டுக்கு மேல் வாரந்தோறும் வந்த கதை. அரசுடைமையான எழுத்து என்பதால் யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறார்கள். பாம்பே கண்ணன் நடிகர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகமாகவே கேட்கச் செய்தார். தீபிகா அருண் ‘கதை ஓசை’யில் தனி ஒருவராக வாசிக்கிறார். இரண்டு முறையையும் மதிக்கிறேன். பழுவேட்டரையர்களும் குந்தவையும் சொல்லுக்குச் சொல் மோதும் அரண்மனைக் காட்சிகளில் பல குரல் முறைக்கு ஒரு வேகம் உண்டு. ஆனால் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் தனியாகக் குதிரையில் வரும் இடத்துக்கு எனக்கு ஒரே ஒரு குரல் வேண்டும். அங்கே பேசுபவர் கல்கி. அவர் நம் தோளில் கைபோட்டுக்கொண்டு கதை சொல்கிறார். பத்துப் பேர் சேர்ந்து தோளில் கைபோட முடியாது.

இன்னொன்று. வீரக்கதை என்று நாம் கொண்டாடும் பொன்னியின் செல்வனில் நேருக்கு நேர் மோதும் பெரும்போர் என்று நீட்டி எழுதிய அத்தியாயம் தேடினால் அகப்படுவது அரிது. ஒற்று, சதி, சுரங்கப்பாதை, கடலில் சுழல்காற்று. அதனால்தான் அது காதுக்கு அவ்வளவு இணங்கி வருகிறது. சாண்டில்யனின் கடல்புறாவில் கடற்போர் உண்டு. அதன் நாயகன் இளையபல்லவனும் அதே கருணாகரத் தொண்டைமான்தான். ஆனால் சாண்டில்யனின் வாக்கியம் நீளம். வாசிக்கிறவர் மூச்சை எங்கே வாங்குவது என்று முதல் நாளே பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால், எழுவாய் ஒரு கரையிலும் பயனிலை மறு கரையிலும் நின்றுவிடும்.

மாயக்கதைக்கு வருகிறேன். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் பொன்னர் சங்கர் திருவிழா. அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவார்கள். 1965இல் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், பிற்பாடு கனடாவில் பேராசிரியராக இருந்தவர், அந்தக் கதையைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிநாடாவில் பதிந்தார். பிறகு புத்தகமாகவும் கொண்டுவந்தார். கைப்பேசிச் செயலிகள் வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே கதை முழுவதையும் நாடாவில் ஏற்றிய வேலை அது.

அந்தக் கதையில் கொம்பன் என்று ஒரு காட்டுப்பன்றி வரும். ஊரையே உழுது போடும் உருவம். அண்ணன்மாரின் துணைவன் சாம்புகன் வருவான். படுகளத்தில் விழுந்த அண்ணன்மாரைத் தங்கை தங்காள் எழுப்புவாள். உடுக்கைக்காரர் இதையெல்லாம் பாடும்போது அவர் குரலில் “இப்படி நடக்குமா?” என்ற தயக்கம் துளியும் இருக்காது. பன்றி வந்தது என்றால் வந்தது. எழுந்தார்கள் என்றால் எழுந்தார்கள். அந்த உறுதிதான் மாயக்கதைக்கு உயிர். இன்றைய வாசிப்பாளர்கள் சிலர், பூதமோ வேதாளமோ வந்ததும் குழந்தைக்குச் சொல்வதுபோல் குரலை நெளிக்கிறார்கள். நெளித்த நொடியே பூதம் செத்துப்போகிறது. டோல்கீனின் மோதிர நாவலை ராப் இங்கிலிஸ் என்ற நடிகர் ஆங்கிலத்தில் தனி ஆளாக வாசித்திருக்கிறார். கதைக்குள் வரும் பாட்டையெல்லாம் தானே பாடிவிடுகிறார். கேட்டபோது எனக்கு உடுக்கைக்காரர் நினைவுதான் வந்தது. வசனம், பாட்டு, மறுபடி வசனம். நம்ப வைக்க வேண்டுமே என்ற பதற்றம் எங்கும் இல்லை.

விஞ்ஞானக்கதையோ வானொலியோடு கூடப் பிறந்ததுபோல் எனக்குத் தோன்றும். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்தார் வந்து இறங்கிய கதையைச் செய்தி அறிக்கை மாதிரியே ஒலிபரப்பினார். கேட்டவர்களில் சிலர் நிஜமென்றே நம்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மே 16இல் நம் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. வெல்ஸின் உத்தியில் எனக்குப் பிடித்தது, விசேஷ ஒலிகளைவிட அந்தச் செய்தி வாசிப்புக் குரல். தினமும் கேட்கும் குரலில் தினமும் நடக்காததைச் சொன்னார்.

தமிழில் இதைக் காதுக்கு ஏற்றவாறு எழுதியவர் சுஜாதா. ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வில் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: நிலா, சிபி, ரவி, ஜீவா, ஜீனோ. எல்லாம் இரண்டு எழுத்து. காதில் விழுந்த உடனே பதிந்துவிடும், ஒன்றோடு ஒன்று குழம்பாது. வாக்கியமும் அப்படித்தான், நறுக்கென்று முடியும். அதில் ஜீனோ ஓர் இயந்திர நாய். புத்தகம் படிக்கும், யோசிக்கும், மனிதர்களைவிட நியாயமாகப் பேசும். அதற்குக் குரல் கொடுப்பவர்கள் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கருவியால் குரலை மாற்றினால் எனக்கு மனசு கேட்காது. இயந்திரம் என்பதை நாம் மறந்துபோகும் அளவுக்கு ஜீனோ நம்மோடு ஒட்டிக்கொள்வதுதான் அந்தக் கதையின் உயிர்நிலை. தகரக் குரல் வரிக்கு வரி “இது இயந்திரம், இது இயந்திரம்” என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கும். சாதாரணக் குரல் போதும், கொஞ்சம் நிதானமான குரல்.

நான் கேட்க ஏங்கும் தமிழ்ப் போர் நாவல் ஒன்று உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, 1972இல் வந்தது. மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழையும் காட்சியில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று போகும். மலாய்ச் சொல், டச்சுத் தெருப்பெயர், செட்டிமார் பேச்சு, மதுரைத் தெருப் பேச்சு அத்தனையும் அதில் கலந்து கிடக்கும். மதுரையைத் தெரிந்த நாக்கு ஒன்று, அவசரப்படாமல், நாயகன் பாண்டியன் பழைய தெருக்களை நினைத்துக்கொள்ளும் பக்கங்களை வாசித்து நான் கேட்க வேண்டும். அதற்காக எத்தனை மணி நேரமும் உட்காருவேன்.

பெரியப்பாவின் கேள்வி மனத்தில் கிடந்ததால், அடுத்த வாரம் குண்டானுக்குள் கைப்பேசியை வைக்கவில்லை. நானே சொன்னேன். எங்கள் சீமையிலேயே நடந்த போர் ஒன்று. 1751. சந்தாசாகிப் பிரெஞ்சுக்காரர்களோடு திருச்சியைப் பிடிக்க வருகிறார். திருச்சியில் இருப்பவர் முகமது அலி. அவருக்குத் துணையாக ஆங்கிலேயப் படை, தலைவர் கேப்டன் ஜின்ஜென்ஸ். வாலிகண்டபுரம் அருகே இரண்டு பக்கமும் எதிர்ப்படுகிறார்கள். ரஞ்சன்குடிக் கோட்டையை வைத்திருந்தவர் யார் பக்கம் சாய்வது என்று முடிவு செய்யாமல் இரண்டு பேரிடமும் பேச்சை இழுத்துக்கொண்டே இருந்தார்.

“நில்லு” என்றார் பெரியப்பா. குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையைக் கையால் தடவிச் சமன் செய்தார். ஒரு பெரிய வெங்காயத்தை வடக்கே வைத்தார், அது ரஞ்சன்குடிக் கோட்டை. அதன் பக்கத்தில் ஒன்று, வாலிகண்டபுரம். தெற்கே வரிசையாகப் பெரம்பலூர், ஆலத்தூர், பாடாலூர், ஊட்டத்தூர். அரிவாளைக் குறுக்கே கிடத்தினார், கொள்ளிடம். உரித்த வெங்காயம் பிரெஞ்சு, உரிக்காதது இங்கிலீஷ். “ம், இப்ப சொல்லு.”

சொன்னேன். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஆங்கிலேயப் படையைப் பீதி பிடித்துக்கொண்டது; பின்வாங்கி ஊட்டத்தூர்க் கணவாய்ப் பக்கம் வந்தது; அங்கிருந்து கொள்ளிடத்தை நோக்கி, கடைசியில் திருச்சிக் கோட்டைக்குள். அந்தக் கூட்டத்தில் ராபர்ட் கிளைவ் என்ற இளைஞன் இருந்தான். அதே ஆண்டு ஆற்காட்டில் பெயர் எடுத்தான். பெரியப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் உரிக்காத வெங்காயங்களைத் தெற்கே நகர்த்திக்கொண்டே வந்தார். ஆலத்தூர் தாண்டும்போது கையை நிறுத்தி, கிழக்கே சாலை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இந்தா, நம்ம ரோட்டு வழியாத்தான் ஓடியிருக்கானுவ.”

எல்லோரும் அரிவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தார்கள். பேருந்து ஒன்று ஒலி எழுப்பிப் போனது. அத்தைதான் முதலில் திரும்பினார்.

“கோடைதான, தம்பி? அத்தன சனம், குதிர, மாடு. குடிக்கத் தண்ணி எந்தக் கெணத்துல எறச்சானுவ? யாரு எறச்சுக் குடுத்தா?”