மலிவான டயரும் மழைக்கால வீதியும்

காரின் டயர்கள் தேய்ந்துவிட்டன, இனியும் ஓட்டுவது உசிதமல்ல என்று கராஜில் சொல்லப்பட்ட மறுகணமே உரிமையாளரின் மனதில் பணக் கணக்கொன்று ஓடத் தொடங்கிவிடுகின்றது. கடைக்குச் சென்றால் குழப்பம் மேலும் அதிகரிக்கின்றது. ஒரே அளவு, ஒரே கறுப்பு நிறம், பார்வைக்கு ஒரே மாதிரியான தோற்றம். ஆயினும் ஒன்றின் விலை மற்றையதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ஒரு சில வாரங்களுக்குள் டொலரொன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து சுமார் 360 ரூபா வரை உயர்ந்ததன் பின்னர், நான்கு டயர்களை ஒரேயடியாக மாற்றுவதென்பது நடுத்தர வருமானமுடைய குடும்பமொன்றுக்கு இலேசான காரியமாக இல்லை. இந்நிலையில் மலிவானதை நாடுபவரை ஊதாரித்தனம் அற்றவர் என்று பாராட்டுவதா, ஆபத்தை விலைக்கு வாங்குபவர் என்று கடிந்துகொள்வதா என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு, அந்த விலை வித்தியாசத்தினால் எது வாங்கப்படுகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

டயர் ஒன்று எந்நேரமும் வீதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கையளவுதான். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எடையுடைய வாகனத்தை நான்கு உள்ளங்கையளவு இறப்பரே திருப்புகின்றது, நிறுத்துகின்றது. காய்ந்த வீதியில், நகருக்குள் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் மலிவான டயருக்கும் விலையுயர்ந்த டயருக்கும் இடையில் பெரிய வேறுபாட்டை உணரப்போவதில்லை என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடலாம். வேறுபாடு வெளிப்படுவது மழையில்தான்.

நனைந்த வீதியில் பிடிமானத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, நீரை வெளியேற்றும் தவாளிப்புகள். மற்றையது, இறப்பர்க் கலவை. வெறும் கண்ணுக்குத் தென்படாத இந்தக் கலவையிலேயே விலையின் பெரும் பகுதி அடங்கியிருக்கின்றது. நீண்டகாலமாக டயர் இறப்பருக்கு உறுதியூட்டுவதற்கு காபன் கரியே பிரதானமாகச் சேர்க்கப்பட்டு வந்தது. 1992ஆம் ஆண்டில் பிரான்ஸின் மிச்சலின் நிறுவனம், அதில் ஒரு பகுதிக்குப் பதிலாக சிலிக்காவைச் சேர்த்த டயரை அறிமுகப்படுத்தியது. சாதாரணமாக, நனைந்த வீதியில் பிடிமானத்தை அதிகரித்தால் டயர் உருள்வதற்கான தடையும் கூடி எரிபொருள் விரயமாகும்; அல்லது டயர் விரைவில் தேயும். சிலிக்காவோ இம்மூன்றுக்கும் இடையிலான இழுபறியைப் பெருமளவு தளர்த்தியது. ஆனால் சிலிக்கா இறப்பருடன் எளிதில் கலவாதது. அதனைப் பிணைப்பதற்கு விசேட இரசாயனப் பொருட்களும், நுணுக்கமான கலவை முறையும், நீண்ட பரிசோதனைகளும் தேவை. மலிவான டயரில் செலவு குறைக்கப்படுவதும் பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் இரு கார்களில், ஒன்று பிறேக் போட்டு 30 மீற்றரில் நிற்கின்றது, மற்றையதற்கு 40 மீற்றர் தேவைப்படுகின்றது என்று வைத்துக்கொள்வோம். பத்து மீற்றர்தானே என்று தோன்றக்கூடும். ஆனால் முதலாவது கார் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது, அது இன்னமும் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பாதசாரி ஒருவரின் உயிரைப் பறிப்பதற்குப் போதுமான வேகம் அது. இது மிகைப்படுத்தப்பட்ட உதாரணமுமன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012ஆம் ஆண்டு நவம்பர் முதல் டயர்களுக்குத் தர அடையாளச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டபோது, நனைந்த வீதிப் பிடிமானத்தில் முதற்தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையிலான வித்தியாசம் 80 கிலோமீற்றர் வேகத்தில் 18 மீற்றர் வரை இருக்கலாம் எனக் கூறப்பட்டது.

2021 மே மாதம் முதல் அந்தச் சீட்டின் தரங்கள் ஏ முதல் ஈ வரையில் ஐந்தாக மாற்றப்பட்டன. எமது நாட்டுக் கடைகளில் இச்சீட்டைக் காண்பது அரிது. எனினும் ஐரோப்பாவிலும் விற்கப்படும் டயராயின், அதன் பெயரையும் அளவையும் கொண்டு இணையத்தில் அதன் தரத்தைத் தேடிப் பார்க்கலாம். அளவு மாறினால் தரமும் மாறலாம் என்பதால் அளவையும் சேர்த்தே தேடவேண்டும்.

பல டயர்களின் பக்கச் சுவரில் அமெரிக்க முறைப்படி மூன்று தரங்கள் பொறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். தேய்மானத்துக்கு ஓர் எண். நனைந்த தரையிலான பிடிமானத்துக்கு ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்துக்கள். வெப்பத்தைத் தாங்கும் திறனுக்கு ஏ, பி, சி. வெப்பத்தில் சி என்பது சட்டம் கோரும் ஆகக் குறைந்த நிலை மாத்திரமே என்பதால், எமது காலநிலையில் அதிவேகப் பாதைகளைப் பயன்படுத்துவோர் அதைத் தவிர்ப்பது நன்று. 2011ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வரை ஓடலாம் என்ற நிலை வந்த பின்னர், டயரின் வெப்பம் எமக்கும் ஒரு பிரச்சினையாகிவிட்டது. தேய்மான எண்ணைப் பொறுத்தவரையில், அதனை உற்பத்தியாளரே நிர்ணயிக்கின்றார். எனவே ஒரு நிறுவனத்தின் 400ஐ இன்னொரு நிறுவனத்தின் 400உடன் ஒப்பிட்டு மயங்கிவிடக்கூடாது. அதிக எண்ணென்பது பல வேளைகளில் கடினமான இறப்பரையும், அதனால் குறைந்த பிடிமானத்தையும் குறிப்பதுண்டு. நீண்டகாலம் உழைக்கும் என்று விற்பனையாளர் புகழும் மலிவான டயர், மழையில் வழுக்குவதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம்.

விலையுயர்ந்த டயர் இறுதியில் செலவை மிச்சப்படுத்தும் என்ற வாதம் பரவலாக முன்வைக்கப்படுகின்றது. அதனைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமுடியாது. 20,000 ரூபாவுக்கு வாங்கிய டயர் 40,000 கிலோமீற்றரும், 35,000 ரூபாவுக்கு வாங்கியது 60,000 கிலோமீற்றரும் உழைக்கின்றன என்று கொண்டால், கிலோமீற்றருக்கு முன்னையதன் செலவு 50 சதம், பின்னையதன் செலவு 58 சதம். மலிவானதே இங்கு வெல்கின்றது. எரிபொருளையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை சற்று மாறுகின்றது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 40,000 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 2,670 லீற்றர் பெற்றோலைக் குடிக்கும். உருளல் தடை குறைந்த டயர் அதில் மூன்று வீதத்தை மீதப்படுத்தினால் 80 லீற்றர்; லீற்றர் 300 ரூபா எனில் 24,000 ரூபா. நான்கு டயர்களுக்குமான 60,000 ரூபா வித்தியாசத்தில் ஒரு பகுதி மாத்திரமே இவ்வாறு திரும்பி வருகின்றது. ஆகவே மிகுதிப் பணம் சேமிப்புக்காகக் கொடுக்கப்படுவதன்று, அந்தப் பத்து மீற்றருக்காகக் கொடுக்கப்படுவது.

மலிவான டயர்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல என்பதும் கவனிக்கத்தக்கது. பெரிய நிறுவனங்களே இரண்டாம் நிலைப் பெயர்களிலும் டயர்களை உற்பத்தி செய்கின்றன. பாரும், மற்றடோர் ஆகியவை கொன்டினென்டல் நிறுவனத்துக்கும், கிளெபர் மிச்சலினுக்கும், ஃபயர்ஸ்டோன் பிரிட்ஜ்ஸ்டோனுக்கும் உரியவை. இறப்பர் விளையும் எமது நாட்டிலும், சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் களனியில் டயர் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட காலந்தொட்டு டயர் உற்பத்தி இடம்பெற்று வருகின்றது. இன்று அங்கு சியற் களனி டயர்கள் தயாராகின்றன. இவ்வாறான நடுத்தர விலை டயரே பெரும்பாலானோருக்குப் பொருத்தமானது என்பது எமது அபிப்பிராயம். யாரும் அறியாத பெயருடன், எந்தத் தரக் குறியீடும் தேடிக் கிடைக்காத நிலையில் ஆகக் குறைந்த விலைக்கு வருவதைத்தான் ஒதுக்கவேண்டும்.

விலையைவிட முக்கியமானதொன்றைப் பலர் பார்க்கத் தவறுகின்றனர். அது டயரின் வயது. இவ்வரிகளை எழுதுபவரே சில ஆண்டுகளுக்கு முன்னர் பெயர்பெற்ற டயர்களை விலைக்கழிவுடன் வாங்கிப் பெருமையுடன் வீடு திரும்பிய பின்னர்தான், அவை ஐந்து ஆண்டுகள் களஞ்சியத்தில் கிடந்தவை என்பதைக் கண்டறிந்தார். பக்கச் சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துக்களுடன் தொடங்கும் வரியின் இறுதி நான்கு இலக்கங்களில் முதலிரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கின்றன. 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. 2012 செப்டெம்பரில் இங்கிலாந்தில், இசை விழாவொன்றிலிருந்து திரும்பிய பஸ்ஸொன்றின் முன் டயர் வெடித்து மூவர் உயிரிழந்தனர். அந்த டயரின் வயது 19 ஆண்டுகளுக்கு மேல். நீண்ட போராட்டத்தின் பின்னர், 2021 பெப்ரவரி முதல் அந்நாட்டில் பஸ், லொறிகளின் முன் சில்லுகளில் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்கள் சிலவற்றில் பனிக்கால டயர்கள் பூட்டப்பட்டிருப்பதுண்டு. நிறையத் தவாளிப்புடன் புதியவை போலத் தோன்றினாலும், அவற்றின் மென்மையான இறப்பர் எமது வெப்பமான வீதிக்குப் பொருந்தாது. வாங்கிய உடனேயே அவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

நான்கையும் மாற்றப் பணமில்லாதோர் இரண்டை வாங்குவது வழமை. அவற்றை முன் சில்லுகளில் பூட்டும் பழக்கம் எம்மவரிடையே வேரூன்றியிருக்கின்றது. முன் சில்லுகளால் ஓடும் காராயினும் புதியவற்றைப் பின்னாலேயே பூட்டவேண்டும் என்று டயர் உற்பத்தியாளர்கள் பரிந்துரைக்கின்றனர். மழையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வாகனமே சுழன்றுவிடும். அத்துடன் 1.6 மில்லிமீற்றர் என்பது பல நாடுகளில் தவாளிப்பு ஆழத்தின் சட்டபூர்வமான இறுதி எல்லையே தவிர, மழைக்குப் போதுமான ஆழமன்று. மூன்று மில்லிமீற்றரை எட்டிய மலிவான டயரை ஒக்டோபர் மாத மழைக்கு முன் மாற்றிவிடுபவர், விலையுயர்ந்த டயரை வழுவழுப்பாகும் வரை ஓட்டுபவரைவிடப் பாதுகாப்பாகவே ஏ-9 வீதியில் பயணம் செய்வார்.