பார்வோனின் விருந்தும் அகஸ்தீனின் மதிய உணவும்

புரோட்டஸ்டண்டினரின் விவிலியத்தில் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை பிறந்தநாள் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட விருந்துகள் இரண்டே இரண்டு. அந்த இரண்டிலும் ஒரு மனிதன் கொல்லப்படுகிறான். ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில் எகிப்தின் பார்வோன் தன் ஊழியக்காரர் அனைவருக்கும் விருந்து வைத்து, சிறையிலிருந்த பானபாத்திரக்காரர் தலைவனைப் பழைய பதவியில் அமர்த்திய அதே நாளில், அப்பம் சுடுவோரின் தலைவனைத் தூக்கில் போடுகிறான். நற்செய்தி நூல்களில் கலிலேயாவின் காற்பங்கு தேசாதிபதியாகிய ஏரோது அந்திப்பா தன் பிறந்தநாள் விருந்தில் ஏரோதியாளின் மகள் ஆடிய நடனத்தில் மகிழ்ந்து, கேட்டதைத் தருவதாக ஆணையிட்டுவிட்டு, சிறையிலிருந்த யோவான் ஸ்நானனின் தலையை வெட்டுவிக்கிறான். இந்த இரண்டு நிகழ்வுகளையும் அடித்தளமாகக் கொண்டே, பிறந்தநாளைக் கொண்டாடுவது கிறிஸ்தவருக்குத் தகாது என்று யெகோவாவின் சாட்சிகள் என்னும் அமைப்பினர் போதிக்கின்றனர். தமிழ்நாட்டில் தனித்தியங்கும் சில சுவிசேஷ சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் இதே கருத்து உறுதியாகப் பேசப்படுகிறது.

இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது, ஏனெனில் அதன் வேர் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய நூற்றாண்டுகளுக்குச் செல்கிறது. ஆயினும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வசனங்களை அவை அமைந்திருக்கும் இடத்தில் வைத்துப் படித்தால், விவிலியம் கண்டிப்பது எதை என்பதில் ஐயம் எழவே செய்கிறது. மாற்கு தரும் வருணனையில் விருந்தினர் யார் என்பது கவனமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது: பிரபுக்கள், படைத்தலைவர்கள், கலிலேயாவின் முதன்மையான மனிதர்கள். அந்தப் பெண் தாயிடம் போய்க் கேட்டுத் திரும்பி வந்து, தலையை ஒரு தட்டில் வைத்து உடனே தரவேண்டும் என்கிறாள். ஏரோது மிகவும் துக்கப்படுகிறான். ஆனாலும் இட்ட ஆணையின் பொருட்டும், தன்னோடு பந்தியிருந்தவர்களின் பொருட்டும் மறுக்க மனமில்லாமல் சேவகனை அனுப்புகிறான். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் இக்கொலை நடந்த இடமாகச் சாக்கடலுக்குக் கிழக்கேயுள்ள மக்கேருஸ் கோட்டையைக் குறிப்பிடுகிறார். அங்கே ஒரு தீர்க்கதரிசியின் உயிரைப் பறித்தது, விருந்தினர் முன் தன் மதிப்பு குறைந்துவிடுமோ என்று அஞ்சிய ஓர் ஆட்சியாளனின் கோழைத்தனமே. தேதி எதுவாக இருந்தாலும் அந்த விருந்து அப்படித்தான் முடிந்திருக்கும். யூதாஸ் முத்தமிட்டு இயேசுவைக் காட்டிக்கொடுத்தான் என்பதால் முத்தம் தடைசெய்யப்படவில்லை. அதற்குப் பின் எழுதிய பவுல், விசுவாசிகள் ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்தும்படி தன் நிருபங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

குழந்தை பிறப்பில் மகிழ்வதை விவிலியம் மறைத்து வைக்கவுமில்லை. ஈசாக்கு பால்மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து வைக்கிறான். எலிசபெத்துக்கு மகன் பிறந்தபோது அயலாரும் உறவினரும் கூடி மகிழ்கின்றனர். இயேசுவின் பிறப்பை வானதூதர்களே அறிவித்துப் புகழ்கின்றனர். மறுபுறம், யோபும் எரேமியாவும் தாங்கள் பிறந்த நாளைச் சபிக்கின்றனர். பிறந்த நாளைவிட இறந்த நாள் நல்லது என்று பிரசங்கி கருதுகிறார். இவற்றுள் எதுவும் ஆண்டுதோறும் ஒரு நாளைக் கொண்டாடு என்றோ கொண்டாடாதே என்றோ கட்டளையிடவில்லை. யோபின் புதல்வர் தத்தம் நாளில் விருந்து செய்தனர் என்று வரும் பகுதி அவர்களின் பிறந்தநாளைக் குறிக்கிறதா என்பதில் உரையாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

கட்டளை எதுவும் இல்லாதபோது தொடக்ககாலக் கிறிஸ்தவர் பிறந்தநாளை ஏன் அவ்வளவு வெறுத்தனர்? விடை அரண்மனைகளில் இருக்கிறது. கத்தோலிக்கரின் விவிலியத்தில் இடம்பெற்று, புரோட்டஸ்டண்டினரின் விவிலியத்தில் இடம்பெறாத 2 மக்கபேயர் நூல், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு மன்னனின் பிறந்தநாள் மாதந்தோறும் கொண்டாடப்பட்டதையும், அந்நாளில் பலியிட்ட இறைச்சியை உண்ணும்படி யூதர்கள் பலவந்தமாக இழுத்துச் செல்லப்பட்டதையும் கூறுகிறது. ரோமப் பேரரசில் பிறந்தநாள் இல்லத்துச் சடங்காகவும் அரசுச் சடங்காகவும் இருந்தது. ஒவ்வொரு மனிதனோடும் பிறந்து அவனைக் காப்பதாக நம்பப்பட்ட காவல் தெய்வத்துக்கு அந்நாளில் மதுவும் தூபமும் பணியாரமும் படைப்பது இல்லத்து வழக்கம். பேரரசனின் பிறந்தநாளில் அவன் பெயரால் பலியும் பொது விளையாட்டுகளும் நடத்துவது அரசு வழக்கம். வீட்டு விழாவில் நட்பும் இருந்தது என்பதற்கு, கி.பி. 100ஐ ஒட்டி இன்றைய இங்கிலாந்தின் வடக்கிலிருந்த விந்தொலாந்தா கோட்டையில் வாழ்ந்த தோழிக்குக் கிளாவுதியா செவேரா என்ற பெண் மெல்லிய மரப்பலகையில் மையால் எழுதி அனுப்பிய பிறந்தநாள் அழைப்பு சான்றாக நிற்கிறது. அரசு விழாவின் முகம் வேறு.

கி.பி. 203ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், பேரரசர் செப்திமியு செவேருவின் இளைய மகன் கேத்தாவின் பிறந்தநாளுக்காக விலங்குவேட்டை விளையாட்டுகள் நடத்தப்பட்டன. அவ்விளையாட்டில் விலங்குகளுக்கு முன் நிறுத்தப்பட்டவர்களுள் பெர்பேத்துவா என்னும் ஏறக்குறைய 22 வயதுப் பெண்ணும் இருந்தாள். அவளுக்குப் பால்குடிக்கும் குழந்தை இருந்தது. சிறையில் அவள் தன் கையால் எழுதிய குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அவளோடு கைதான பெலிசித்தா என்னும் அடிமைப் பெண் எட்டாம் மாதத்திலேயே சிறையில் பெண்குழந்தையைப் பெற்றெடுத்தாள். அக்குழந்தையை ஒரு கிறிஸ்தவச் சகோதரி வளர்ப்பதற்கு எடுத்துக்கொண்டாள். தாய் சில நாட்களில் அரங்குக்கு அனுப்பப்பட்டாள். ஓர் அரசகுமாரன் பிறந்ததைப் போற்றுவதற்கென்று, அப்போதுதான் பிள்ளை பெற்ற ஒருத்தியின் உடல் காட்சிப்பொருளாக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் பிறந்தநாள் விழாவை எந்தக் கண்ணோடு பார்த்திருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்தநாளுக்கு எதிராக மிகக் கடுமையாகப் பேசியவர் அலெக்சாந்திரியாவின் ஓரிகன். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி லேவியராகமத்தின் மீது அவர் ஆற்றிய எட்டாவது மறையுரையில், பரிசுத்தவான் எவரும் தம் பிறந்தநாளில் விருந்து வைத்ததாக வேதத்தில் இல்லை என்றும், பார்வோன், ஏரோது போன்ற பாவிகளே அவ்வாறு செய்தனர் என்றும் அவர் வாதிடுகிறார். இன்றைய எதிர்ப்பாளர்களின் வாதம் முழுவதும் அங்கேயே உருவாகிவிட்டது. ஆனால் ஓரிகன் யார் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். அதே செவேருவின் ஆட்சியில், 202ஐ ஒட்டி, அவருடைய தந்தை லெயோனிதா கிறிஸ்தவராக இருந்ததற்காகத் தலை வெட்டப்பட்டார். அப்போது 17 வயதுகூட நிரம்பாத ஓரிகன் தாமும் போய் மடிய முனைந்ததாகவும், தாய் அவருடைய ஆடைகளையெல்லாம் ஒளித்து வைத்து அவரை வீட்டிலேயே நிறுத்தியதாகவும் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு எழுதுகிறார். தலை வெட்டிய ஏரோதை ஓரிகன் மறக்க இயலாதவராக இருந்ததில் வியப்பில்லை. அவருடைய துயரம் மதிக்கத்தக்கது. அவருடைய வாதத்தை எல்லாக் காலத்துக்குமான சட்டமாக்குவது வேறு செயல்.

பெர்பேத்துவா கொல்லப்பட்ட அதே கார்த்தேஜில், அதே தலைமுறையில் எழுதிய தெர்த்தூலியன் இங்கு மிகவும் பயன்படுகிறார். சிலைவழிபாட்டைப் பற்றிய தம் நூலில் அவர் காட்டும் கண்டிப்புக்கு இணை அக்காலத்தில் அரிது: பேரரசனின் விழாக்களில் கிறிஸ்தவர் தம் வாசலில் விளக்கேற்றுவதையும் இலைமாலை தொங்கவிடுவதையும்கூட அவர் பொறுப்பதில்லை. அப்படிப்பட்டவர், பிள்ளை பருவமடைந்து வெள்ளாடை உடுக்கும் விழா, நிச்சயதார்த்தம், திருமணம், குழந்தைக்குப் பெயரிடும் விழா ஆகிய இல்லத்து நிகழ்ச்சிகளுக்குக் கிறிஸ்தவர் செல்லலாம் என்கிறார். உடுத்துவதோ மணப்பதோ பெயரிடுவதோ தன்னளவில் எந்தத் தெய்வத்துக்கும் செலுத்தும் வணக்கமன்று என்பதே அவர் காட்டும் காரணம். அங்கே பலி நடந்தாலும், அழைக்கப்பட்டது பலிக்காக இல்லையென்றால் செல்வதில் குற்றமில்லை. வழக்கத்தையும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வழிபாட்டையும் பிரித்துப் பார்க்கும் இந்த அணுகுமுறை பவுலிடமிருந்து வருவது. கடைவீதியில் விற்கும் இறைச்சியைக் கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம், ஆனால் இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சியின் பொருட்டு உண்ணாதிருக்க வேண்டும் என்று அவர் கொரிந்து சபைக்கு எழுதினார். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது இப்போது யாருக்குக் காணிக்கையாகிறது, அதனால் அருகிலிருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பவையே அங்கு அளவுகோல்கள்.

அந்த அளவுகோலுக்குப் பொருந்திய பிறந்தநாள் ஒன்று கிறிஸ்தவ இலக்கியத்திலேயே பதிவாகியிருக்கிறது. 386ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று, மிலான் நகருக்கு வெளியே கசிசியாக்கும் என்னும் நாட்டுப்புற இல்லத்தில் தங்கியிருந்த அகஸ்தீன், தம் 32 வயது நிறைந்த நாளில், அறிவு மந்தமாகிவிடாத அளவுக்கு எளிய மதிய உணவை உண்டபின், தாய் மோனிக்கா, சகோதரர், மகன், மாணவர், உறவினர் ஆகியோரைக் குளியலறைக் கூடத்துக்கு அழைத்து அமரச்செய்து, மனிதனுக்கு எது இன்பவாழ்வு என்ற கேள்வியை எழுப்புகிறார். பேச்சு மூன்று நாள் தொடர்கிறது. நல்லதை விரும்பி அடைந்தவனே இன்பமுள்ளவன், தீயதை விரும்புகிறவன் அதை அடைந்தாலும் துன்பமுள்ளவனே என்று கல்விக்கூடம் செல்லாத அந்தத் தாய் சொன்னதும், மெய்யியலின் கோட்டையையே அவர் பிடித்துவிட்டதாக மகன் மகிழ்கிறார். அகஸ்தீன் அப்போது திருமுழுக்குப் பெறக் காத்திருந்தவர். அடுத்த ஆண்டு ஈஸ்டரில் ஆயர் அம்புரோஸ் அவருக்கு அதை வழங்கினார். இந்த உரையாடலைப் பதிவுசெய்யும் நூலை அவர் தம் பிறந்தநாளை மறைக்காமல், அதைக் காரணமாகக் காட்டியே எழுதினார்.

இதே நூற்றாண்டில்தான் இயேசுவின் பிறப்பைக் கொண்டாடும் வழக்கமும் நிலைபெற்றது. டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் காட்டும் பழைய சான்று 354இல் தொகுக்கப்பட்ட ரோம நாட்காட்டியில் கிடைக்கிறது. விவிலியத்தில் தேதி இல்லாத அவ்விழாவைப் பின்னாளில் சிலர் தண்டனைக்குரியதாகவும் ஆக்கினர்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம். மெழுகுவர்த்தி ஏற்றிய கேக்கைப் பொறுத்தவரை, பழைய விவரணைகளுள் ஒன்று 1746இல் ஜெர்மனியின் மரியன்போர்னில் கொண்டாடப்பட்ட பிறந்தநாளைப் பற்றியது. அதற்குரியவர் மொராவிய சபையின் ஆயரான சின்சென்டார்ஃப் பிரபு என்பது, கேக்கைப் புறச்சமயச் சின்னம் என்று மட்டுமே கருதுவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

தமிழ் மண்ணில் இக்கேள்வி பிறந்தநாளோடு நிற்பதில்லை. தாலி, பூப்பு நீராட்டு, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று அது விரிகிறது. இது பழைய வழக்குதான். மதுரை மறைப்பணியில் இயேசு சபையினர் ஏற்றுக்கொண்ட உள்நாட்டு வழக்கங்களை விசாரிக்கத் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704இல் வெளியிட்ட ஆணையில் பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும், மணவிழாவில் தேங்காய் உடைப்பதையும், பெண் பூப்படைந்ததை ஊரறியக் கொண்டாடுவதையும் விலக்கினார். அதே ஆணையில், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நோயாளியின் வீட்டுக்குக் குருக்கள் நேரில் சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்ற கட்டளையும் இருந்தது. வழக்கங்களைப் பற்றிய விவாதங்களில் இந்தக் கடைசிப் பகுதியே மிகக் குறைவாக நினைக்கப்படுகிறது. தேங்காயைவிடப் பெரிய தடையாக நற்செய்திக்கு முன் நின்றது அந்தத் தீண்டாமையே. தாலியோ பின்னாளில் சிலுவையும் புறாவும் பொறிக்கப்பட்டுக் கிறிஸ்தவ மணமேடையில் தங்கிவிட்டது.

பவுலிடம் கண்ட அளவுகோலை இன்றைய பிறந்தநாள் மீது வைத்தால் சில செய்திகள் தெளிவாகின்றன. ஜென்ம நட்சத்திரம் பார்த்து, கிரகதோஷம் நீங்க ஆயுஷ்ஹோமம் செய்வது வாழ்நாளை வேறொரு அதிகாரத்திடம் ஒப்படைப்பதாகும் என்பதால் கிறிஸ்தவர் அதிலிருந்து விலகுவது நியாயம். ஞாயிறு ஆராதனையில் அந்த வாரம் பிறந்தநாள் காண்போர் முன்னே வந்து ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தி ஜெபம் பெறுவதில் அத்தகைய சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் ஊழியர் ஒருவரின் பிறந்தநாளுக்குத் தெருவெங்கும் ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, ஆளுயர மாலை போட்டு, சபையாரிடம் அன்பளிப்பு வசூலிக்கும்போது, எவ்வளவு வசனங்களை அச்சிட்டாலும் அது ஏரோதின் பந்திக்கு அருகே போய்விடுகிறது. விருந்து வைக்கும்போது பதிலுக்கு அழைக்கக்கூடிய நண்பரையும் செல்வரையும் விட்டுவிட்டு, ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைக்கும்படி லூக்கா 14இல் இயேசு சொல்கிறார். அதைப் பின்பற்றிப் பலர் குழந்தைகள் இல்லங்களில் பிறந்தநாள் சாப்பாடு போடுகின்றனர், பாராட்டத்தக்க வழக்கம். ஆனால் அங்கேயும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கொடையாளிக்கு வாழ்த்துப் பாடவைத்து, இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்கப் படமெடுப்பது நிகழ்கிறது. அந்தப் பிள்ளைகளுள் பலருக்குத் தங்கள் பிறந்த தேதியே தெரியாது. பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவது லூக்கா சொல்லும் விருந்துக்கு இன்னும் நெருக்கமானது.

கொண்டாட மறுப்போரின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். யெகோவாவின் சாட்சிகள் திருமண ஆண்டுநிறைவை விலக்குவதில்லை. அப்போது புரூக்ளினில் இருந்த அவர்களுடைய தலைமையகத்தில் 1926 வரை கிறிஸ்துமஸும் கொண்டாடப்பட்டது. எனவே அவர்களின் இன்றைய விதி மாறாத வேதக்கட்டளை என்று நிறுவுவது கடினம். ஆயினும் நாட்களைப் பற்றி ரோமர் 14இல் பவுல் எழுதுவது இரு திசையிலும் செல்கிறது: ஒருவர் ஒரு நாளை மற்றொரு நாளைவிட மேலாக எண்ணலாம், மற்றவர் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணலாம், அவரவர் தம் மனதில் உறுதியாக இருந்து, செய்வதைக் கர்த்தருக்கென்று செய்தால் போதும், உண்பவர் உண்ணாதவரை அற்பமாக எண்ணக்கூடாது, உண்ணாதவர் உண்பவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. பள்ளியில் சீருடைக்குப் பதில் புத்தாடை உடுத்தி வந்து சாக்லேட் நீட்டும் தோழியிடம், வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகக் கூறிக் கையை மடக்கிக்கொள்ளும் சிறுமியைக் கேலி செய்யும் கிறிஸ்தவப் பிள்ளையும் ரோமர் 14ஐ மீறுகிறது. புத்தாடை உடுத்தி வந்தவளை உலகத்தாள் என்று ஞாயிறு வகுப்பில் பழிப்பவரும் அதே வசனத்தைத்தான் மீறுகிறார்.