கணவருக்கு 15 நாள், மனைவிக்கு?

அமெரிக்காவில் ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குக் கிடைப்பது ஹெச்4. சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது என்றிருந்த அந்த விசாவில், 2015 மே 26 முதல் ஒரு கதவு திறந்தது. க்ரீன் கார்டுக்காகக் கணவரின் நிறுவனம் போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தாலோ, அவரது ஹெச்1பி ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோ, மனைவி ‘இஏடி’ எனும் வேலை அட்டை வாங்கலாம். வாங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தியாவில் பிறந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் நம்மவர்களின் க்ரீன் கார்டு வரிசை நீண்டுகொண்டே போவதுதான் காரணம்.

இந்த அனுமதியை எதிர்த்து 2015-லேயே போடப்பட்ட வழக்கை, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் விசாரிக்க மறுத்துவிட்டது. பெரிய கண்டம் தாண்டியாயிற்று. ஆனால் அதே மாதம் புதுப்பித்தலில் இடி விழுந்தது.

அதுவரை, புதுப்பிக்க மனு போட்டுக் காத்திருப்பவர்களில் பல பிரிவினருக்குப் பழைய அட்டையே 540 நாள் வரை தானாக நீண்டது. ஹெச்4 பெண்களுக்கு அவரவர் ஐ-94-ல் (நாட்டில் தங்கும் அனுமதிப் பதிவு) உள்ள தேதி வரையாவது அந்தச் சலுகை இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அது கிடையாது. அட்டையில் அச்சிட்ட தேதி முடிந்தால் மறுநாள் லேப்டாப்பைத் திறக்கக்கூடாது. வீட்டிலிருந்தபடி அலுவலக மெயிலுக்குப் பதில் போடுவதும் வேலைதான். நல்ல நிறுவனமாக இருந்தால் சம்பளமில்லா விடுப்பு தரும்; இல்லையென்றால் வேலையே போகும்.

சீக்கிரமே மனு போடலாமே என்பார்கள். காலாவதிக்கு 180 நாளுக்கு முன்னால் வாங்கமாட்டார்கள். பலருக்கு விசாவும் அட்டையும் ஒரே நாளில் முடிகின்றன. விசா நீளாமல் அட்டை நீளாது. கணவரின் நிறுவனம் கூடுதல் கட்டணம் கட்டினால் அவர் மனுமீது 15 வேலை நாளில் நடவடிக்கை வந்துவிடும். மனைவியின் ஹெச்4 மனுவுக்கும் அட்டைக்கும் அப்படிப் பணம் கட்டும் வழியே இல்லை. மூன்றையும் சேர்த்துப் பரிசீலிப்பதாக 2023-ல் ஒரு வழக்கில் அரசு ஒப்புக்கொண்டது; அந்த உடன்பாடும் 2025 ஜனவரியோடு முடிந்துபோனது.

ஒரே நிறுவனத்துக்குள் இடம்மாறி எல்1 விசாவில் வரும் ஊழியர்களின் துணைவர்களுக்கு இந்த அவதி இல்லை. 2021 நவம்பரில் ஏற்பட்ட சமரசத்துக்குப் பிறகு, எல்2 அந்தஸ்தே அவர்களுக்கு வேலை அனுமதி. ஐ-94-ல் ‘எல்-2எஸ்’ என்றிருந்தால் போதும், தனி அட்டை தேவையில்லை. தகுதி நிரூபித்து, வரி கட்டி, பத்தாண்டாக வேலை பார்க்கும் ஹெச்4 பெண்ணுக்கும் அதையே கொடுப்பதில் அரசுக்கு என்ன தடை?