இதயமும் சிறுநீரகமும்

மனிதனின் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. உடல் ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. இரண்டு சிறுநீரகங்களின் எடையைக் கூட்டினாலும் அது உடல் எடையில் அரை விழுக்காடுதான் இருக்கும். இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு இவ்வளவு இரத்தம் எதற்கு? இக்கேள்விக்கு விடை தேடிய அறிஞர்கள், இதயமும் சிறுநீரகமும் ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதைப் படிப்படியாகக் கண்டறிந்தனர்.

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த மார்செல்லோ மால்பிகி, சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அதனுள் மிகச் சிறிய உருண்டைகளைக் கண்டார். 1842ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் போமன், அவற்றின் அமைப்பை விளக்கினார். ஒவ்வோர் உருண்டையும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. அதனைக் கிண்ணம் போன்ற உறை ஒன்று சூழ்ந்திருக்கிறது. இந்த உருண்டையும் அதனைத் தொடரும் நுண்குழலும் சேர்ந்ததே நெஃப்ரான் எனப்படும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. இவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் 99 விழுக்காடு மீண்டும் இரத்தத்திற்கே திரும்புகிறது. எஞ்சிய ஒன்று முதல் இரண்டு லிட்டர் மட்டுமே கழிவுகளுடன் சிறுநீராக வெளியேறுகிறது. இவ்வடிகட்டலுக்குத் தேவையான அழுத்தத்தைத் தருவது இதயத்தின் துடிப்பே.

இதயத்திடமிருந்து இரத்தத்தைப் பெறும் சிறுநீரகம், பதிலுக்கு இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க உதவுகிறது. 1898ஆம் ஆண்டில் சுவீடனில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர், முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை மற்ற முயல்களின் உடலில் செலுத்தினர். உடனே அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அச்சாற்றில் இருந்த பொருளுக்கு அவர்கள் ரெனின் எனப் பெயரிட்டனர். இரத்த அழுத்தம் குறையும்போது சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. அதன் விளைவாக இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன. அழுத்தம் மீண்டும் உயர்கிறது.

இதயமும் சிறுநீரகத்திற்குச் செய்தி அனுப்புகிறது என்பது 1981ஆம் ஆண்டில் தெரியவந்தது. கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும், எலியின் இதய மேலறைச் சாற்றை மற்ற எலிகளின் உடலில் செலுத்தினர். அவ்வெலிகளின் சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் மிகுதியாக வெளியேற்றின. இரத்தம் மிகுந்து இதயத்தின் மேலறைகள் விரியும்போது, சுமையைக் குறைக்குமாறு ஒரு சுரப்புநீரின் வழியே இதயமே கேட்டுக்கொள்கிறது. வெறும் இறைப்பான் என்று கருதப்பட்ட இதயம், சுரப்பியாகவும் செயல்படுவதை உலகம் அறிந்தது.

இவ்விரு உறுப்புகளில் ஒன்று பழுதடைந்தால் மற்றொன்று நலமாக இருக்க இயலுமா? 1836ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட் இதற்கான விடையை அண்மித்திருந்தார். சிறுநீரக நோயால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த அவர், அவர்களுள் பலரின் இதயம் பருத்திருந்ததைப் பதிவு செய்தார். சிறுநீரகம் பழுதடையும்போது உப்பும் நீரும் உடலில் தேங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. அதனை எதிர்த்து ஓயாமல் உழைக்கும் இதயத்தின் சுவர் தடிக்கிறது. நாளடைவில் இதயம் தளர்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலர், சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் முன்னரே இதய நோயால் உயிரிழப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மலேசியாவில் இச்சிக்கல் பெருகி வருகிறது. 2011ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ 9 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2018ஆம் ஆண்டு ஆய்வில் அவ்வளவு 15 விழுக்காட்டைத் தாண்டியது. அவர்களுள் தமக்கு அந்நோய் இருப்பதை அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐவர் மட்டுமே. சிறுநீரகம் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழக்கும்வரை வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் தோன்றுவதில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இந்நோயின் முதன்மைக் காரணங்கள்.

சிறுநீரகம் செயலிழந்தோருக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் உயிர் காக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டில், நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் இதனை மனிதர்களுக்குப் பயன்படுத்தினார். வடிகட்டியாக அவருக்குக் கிடைத்தது, இறைச்சி அடைக்கப் பயன்பட்ட செலோபேன் குழாய்தான். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆயினும், அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1945ஆம் ஆண்டில் 67 வயது மூதாட்டி ஒருவர் உயிர் பிழைத்தார்.

இன்றைய வடிகட்டியில் முடியைப் போன்று மெல்லிய, உள்ளே துளையுடைய பல்லாயிரம் இழைகள் உள்ளன. இத்தகைய இழைகளைப் பற்றிய ஆய்வு ஜொகூர் மாநிலத்திலும் நடைபெறுகிறது. ஸ்கூடாயில் அமைந்துள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சவ்வுத் தொழில்நுட்ப ஆய்வு மையம் ஒன்று உள்ளது. இரத்தத்திலுள்ள நச்சுக் கழிவுகளை நீக்கி, உடலுக்குத் தேவையான புரதத்தைக் காக்கும் சவ்வுகளை உருவாக்க அங்குள்ள ஆய்வாளர்கள் முயல்கின்றனர். அதே பல்கலைக்கழகம், தேசிய இருதயக் கழகத்துடன் இணைந்து இதயநாளப் பொறியியல் மையத்தையும் நடத்துகிறது. இஸ்கண்டார் புத்ரியில் இயங்கும் நியூகாசல் பல்கலைக்கழக வளாகத்தில் மருத்துவமும் உயிர்மருத்துவ அறிவியலும் கற்பிக்கப்படுகின்றன. மருத்துவர் மட்டுமன்றி, வேதியியல், உயிரியல், பொறியியல் கற்றோரும் சேர்ந்தே இத்துறையை வளர்க்கின்றனர் என்பதற்கு இவை சான்றாகும்.

எவ்வளவு சிறந்த இயந்திரமும் இயற்கைச் சிறுநீரகத்திற்கு ஈடாகாது. ஒருவர் பொதுவாக வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் சிகிச்சை பெறுகிறார். அஃதாவது, வாரத்திற்கு 12 மணி நேரம். சிறுநீரகமோ வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. சிகிச்சைக்கு இடைப்பட்ட நாள்களில் தேங்கும் நீரின் சுமையைச் சுமப்பதும் இதயமே.

ஆகவே, நோயை முன்கூட்டியே கண்டறிவது இன்றியமையாதது. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு, சிறுநீரில் புரதத்தின் அளவு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்று எளிய சோதனைகள் சிறுநீரகத்தின் நிலையைப் பெரிதும் உணர்த்திவிடும். நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுதோறும் இவற்றைச் செய்துகொள்ள வேண்டும். உணவில் உப்பையும், தே தாரிக் போன்ற பானங்களில் சீனியையும் குறைப்பது நன்று. மருத்துவரின் ஆலோசனையின்றி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வதும், பதிவு பெறாத மருந்துகளை நம்புவதும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வலியில்லை என்பதால் நோயில்லை என்று கருதிவிடக் கூடாது. அவர்கள் கடைசியாக எப்போது சோதனை செய்துகொண்டார்கள் என்று பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வி, இரண்டு உறுப்புகளைக் காக்கும் தொடக்கமாக அமையலாம்.