ஆயிரம் குதிரைகள் உண்மையில் இருக்கின்றனவா?

“விற்பனைக்கு: 1970ஆம் ஆண்டு செவ்ரோலெட் செவெல் எஸ்.எஸ். 454. எஞ்சின் முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. சூப்பர்சார்ஜர், நைட்ரஸ் ஆக்சைடு, அகன்ற பின் டயர்கள். 1000 குதிரைத் திறன். கால் மைல் ஓட்டத்தின் முடிவில் வேகம் மணிக்கு 210 கி.மீ.”

அமெரிக்கக் கார் இதழ்களில் இத்தகைய விளம்பரங்கள் வருவதுண்டு. மேலே உள்ளது அவற்றின் மாதிரியில் நாமே எழுதிக்கொண்டது. விற்பவர் எஞ்சினைக் கழற்றிக் காட்டப்போவதில்லை. வாங்குபவரிடம் திறனை அளக்கும் பொறியும் இராது. ஆனாலும் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் தெரிந்த ஒருவர் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இந்த விளம்பரத்தைச் சோதித்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் காரைப் பற்றிச் சில சொற்கள். நடுத்தர அளவுள்ள ஒரு காருக்குள் மிகப் பெரிய எஞ்சினைப் பொருத்திவிட்டால் அதுவே ‘மசில் கார்’. 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையைப் பரவலாக்கியது, அதில் 6.4 லிட்டர் எஞ்சின், 325 குதிரைத் திறன். 1970இன் செவெலில் 7.4 லிட்டர் எஞ்சின் கிடைத்தது. அதில் உயர்ந்த வகைக்கு நிறுவனம் சொன்ன திறன் 450. இந்த எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அந்நாளில் எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, புகைபோக்கியின் ஒலி அடக்கி முதலிய சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். 1972 முதல் இவை எல்லாம் பூட்டிய நிலையில் அளந்த எண்களைத் தரத் தொடங்கியதும், விளம்பர எண்கள் சட்டென்று இறங்கிவிட்டன.

சரி, 450ஐ 1000 ஆக்குவது எப்படி? எஞ்சின் என்பது அடிப்படையில் காற்றை விழுங்கும் பொறி. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை அதிகமாக ஊற்றுவது எளிது. காற்றை அதிகமாக உள்ளே புகுத்துவதுதான் கடினம். அதற்காகத்தான் சூப்பர்சார்ஜர். எஞ்சினின் சுழற்சியைக் கொண்டே ஓடும் இந்த ஊதி, காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. முன்மூடியைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உலோகப் பெட்டிக்கு ரூட்ஸ் ஊதி என்று பெயர். இதை 19ஆம் நூற்றாண்டில் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் உருவாக்கியபோது மோட்டார் காரே பிறக்கவில்லை!

நைட்ரஸ் ஆக்சைடு இன்னொரு வழி. காற்றில் எடைப்படி ஆக்சிஜன் சுமார் 23 சதவீதம். நைட்ரஸ் ஆக்சைடில் 36 சதவீதம். சிலிண்டரின் வெப்பத்தில் அது பிரிந்து ஆக்சிஜனைக் கொடுக்கிறது. திரவமாக வந்து ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்வித்து அடர்த்தியும் ஆக்குகிறது. சில விநாடிகளுக்குத்தான் இந்த உதவி. அளவு தவறினால் பிஸ்டன் உருகிப்போகும்.

பிஸ்டனுக்கு வேறு துன்பமும் உண்டு. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் சுமார் 10 செ.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 7000 முறை சுழல்கிறது என்று கொண்டு, பிஸ்டனின் இயக்கத்தைச் சீரிசை இயக்கமாகக் கருதிக் கணக்கிட்டுப் பாருங்கள். முனையில் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 2700 மடங்கு வரும். 600 கிராம் எடையுள்ள பிஸ்டன் அந்தக் கணத்தில் 1600 கிலோ எடைபோல் இழுக்கும். ஏறத்தாழ ஒரு முழுக் கார், ஒரு சிறு இணைப்புத் தண்டின் முனையில் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இத்தகைய எஞ்சின்களில் வார்ப்புப் பிஸ்டன்களை எடுத்துவிட்டு, அடித்து உருவாக்கிய பிஸ்டன்களைப் போடுகிறார்கள். விளம்பரத்தில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன்.

இனிச் சோதனைக்கு வருவோம். கால் மைல் என்பது 402 மீட்டர். எஞ்சின் மாறாத திறனுடன் காரைத் தள்ளுகிறது, எந்த இழப்பும் இல்லை என்று கொள்வோம். திறனை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது இயக்க ஆற்றல். இதிலிருந்து தொகையீட்டு முறையில் ஓர் அழகான முடிவு கிடைக்கும்: காரின் நிறையை இறுதி வேகத்தின் மும்மடியால் பெருக்கி, தூரத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் வருவதே திறன். பந்தய ரசிகர்கள் அனுபவத்தால் கண்டிருந்த மும்மடி விதிக்கு இத்தகைய விளக்கத்தை ஜெஃப்ரி ஃபாக்ஸ் என்ற இயற்பியலாளர் 1973இல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் இதழ் ஒன்றில் எழுதினார்.

நம் கார் ஓட்டுநருடன் 1800 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 210 கி.மீ. என்பது விநாடிக்கு 58.3 மீட்டர். கணக்கிட்டால் சுமார் 2,96,000 வாட், அதாவது ஏறத்தாழ 400 குதிரைத் திறன் வருகிறது. இது இழப்பே இல்லாத உலகத்தின் கணக்கு. காற்றின் தடை, பல்சக்கரங்களின் உராய்வு, தொடக்கத்தில் சக்கரம் வழுக்குவது எல்லாம் சேர்ந்து, உண்மையான கார்களில் எஞ்சின் திறன் இதைப் போல் சுமார் 1.7 மடங்கு இருக்க வேண்டியிருக்கிறது. ஆக, நம் காரில் உள்ளவை 680 குதிரைகள். மீதி 320 குதிரைகள் விளம்பரத்தில் மட்டுமே மேய்ந்துகொண்டிருக்கின்றன.

“ஓட்ட நேரத்தைக் கொண்டு கணக்கிடக் கூடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்பதில்லை, ஆனால் நேரம் ஏமாற்றும். சக்கரம் வழுக்குவது பெரும்பாலும் புறப்படும்போது. அப்போது ஒரு விநாடி வீணானாலும் கார் கடந்திருக்கும் தூரம் மிகக் குறைவு. எஞ்சியுள்ள தூரத்தில் வேகம் ஏறிவிடும். எனவே நேரம் கெடும். இறுதி வேகம் அதிகம் கெடாது. நேரம் ஓட்டுநரின் திறமையைச் சொல்லும், வேகம் எஞ்சினின் திறமையைச் சொல்லும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழுக்கல் சாதாரண விஷயமன்று. நிற்கும்போது நம் காரின் எடையில் 45 சதவீதம், அதாவது 810 கிலோ, பின் சக்கரங்களின் மேல் இருக்கிறது. முடுக்கத்தின்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. பேருந்து சட்டென்று புறப்பட்டால் நாம் பின்னால் சாய்வதைப் போல. உராய்வுக் கெழு 1 உள்ள சாதாரண டயரானால், பின்பாரம் சுமார் 980 கிலோ ஆகும். தரையைத் தள்ளும் விசை அதற்கு மேல் போக முடியாது. சக்கரங்களை வந்து சேர்வது 500 குதிரைத் திறன் என்று கொண்டால், மணிக்கு 140 கி.மீ. வேகம் வரும்வரை அந்தத் திறன் முழுவதையும் பயன்படுத்தவே முடியாது! மிதித்தால் புகைதான் வரும். உராய்வுக் கெழு 1.5 உள்ள பந்தய டயரைப் பூட்டினால் இந்த எல்லை 83 கி.மீ.க்கு இறங்கிவிடும்.

பாடநூலில் உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததன்று என்று படித்திருப்பீர்கள். பிறகு ஏன் அகன்ற டயர்? அந்த விதி மரத்துக்கும் இரும்புக்கும் ஓரளவு பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. மென்மையான ரப்பர் தரையின் மேடுபள்ளங்களுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு சதுர செ.மீ. மேல் விழும் அழுத்தம் குறையக் குறைய அதன் உராய்வுக் கெழு உயர்கிறது. ஓட்டத்துக்கு முன் சக்கரங்களை நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகை எழுப்புவதும் வெறும் ஆரவாரமன்று. டயரைச் சூடாக்கி ஒட்டும் தன்மையைக் கூட்டவே அப்படிச் செய்கிறார்கள்.

ஓடியாயிற்று, நிற்க வேண்டாமா? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 210 கி.மீ. வேகத்தில் நம் காரின் ஆற்றல் சுமார் 30 லட்சம் ஜூல். பத்து லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். 100 கி.மீ. வேகத்தில் உள்ளதைப் போல் இது நான்கு மடங்குக்கும் மேல். அவ்வளவும் பிரேக்கில்தான் வெப்பமாக வேண்டும். 1970இல் இந்தக் காருக்கு முன்னால் வட்டு பிரேக்குகளும் பின்னால் டிரம் பிரேக்குகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. டிரம் சூடேறினால் விரிந்து பட்டையை விட்டு விலகும். பட்டையின் உராய்வும் குறையும். காலை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு தளர்ந்துகொண்டே போகும். எஞ்சினுக்கு வாரி இறைத்தவர் பிரேக்கை மாற்றினாரா என்று விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை. வாங்குபவர் உயிரோடு வீடு திரும்புவது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

இன்னொரு தடயமும் உண்டு. இதே காரில் 1000 குதிரைகள் உண்மையிலேயே இருந்தால், மும்மடிக் கணக்கின்படி கால் மைல் முடிவில் வேகம் மணிக்கு 240 கி.மீ.யை நெருங்க வேண்டும். அமெரிக்கத் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி, மணிக்கு 150 மைல், அதாவது 241 கி.மீ. வேகத்தை எட்டும் பந்தயக் காருக்குப் பின்னால் ஒரு பாராசூட் இருந்தாக வேண்டும். காரைப் பார்க்கப் போகிறவர் முன்மூடியைத் திறப்பதற்கு முன்னால், பின்பக்கம் போய்ப் பாராசூட்டோ அதை மாட்டும் இடமோ இருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம்.