வியர்வை சொல்லும் சாட்சி

2012 மார்ச் 29. திருச்சி தில்லைநகரில் விடிகாலை நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் ராமஜெயம் வீடு திரும்பவில்லை. ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கே, கல்லணை சாலையில் திருவளர்ச்சோலை அருகே அவர் உடல் கிடந்தது. உள்ளூர் போலீஸ், சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ. எனக் கைமாறிய வழக்கு, 2022-ல் சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் வந்தது. குழு 13 பேருக்கு ‘உண்மை கண்டறியும் சோதனை’ நடத்த அனுமதி கேட்டது. 12 பேர் சம்மதித்தார்கள். ஒருவர் மாட்டேன் என்றுவிட்டார். 2023 ஜனவரியில் சென்னையில் சோதனை நடந்தது.

பெயரிலேயே கோளாறு. இதில் பயன்படும் பாலிகிராஃப் கருவிக்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. நெஞ்சைச் சுற்றி ஒரு குழாய், வயிற்றைச் சுற்றி ஒன்று. மூச்சின் ஏற்ற இறக்கத்தை அவை பிடிக்கும். புஜத்தில், டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கக் கட்டுகிற அதே பட்டை. விரல்களில் இரண்டு உலோகத் தகடுகள். பதற்றத்தில் வியர்வை கசிந்தால் தோலில் மின்சாரம் சுலபமாக ஓடும். கையில் ஈரம் தெரியாத அளவுக்குக் கசிந்தாலும் திரையில் கோடு எகிறிவிடும். அவ்வளவுதான் கருவி.

சூட்சுமம் கேள்விகளில். “உடல் கிடந்த இடத்தில் நீ இருந்தாயா?” என்பதற்கு முன்னும் பின்னும், “இதுவரை யாரையாவது ஏமாற்றியது உண்டா?” என்பதுபோல் பொதுவாக ஒன்று வரும். குற்றவாளியை முதல் கேள்வி உலுக்கும், நிரபராதியை இரண்டாவது உறுத்தும் என்பது கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு ஒட்டவில்லை. கொலை வழக்கில் பெயர் அடிபட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், ஒரு பாவமும் அறியாதவருக்கும் உள்ளங்கை நனையத்தானே செய்யும்? மறுபக்கம், சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத்துக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 என இரண்டு முறை தேறிவிட்டார். மாட்டியது 1994-ல்தான். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003-ல் அலசிப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: குருட்டாம்போக்கில் ஊகிப்பதைவிடத் தேவலை, ஆனால் துல்லியத்துக்கு வெகு தூரம்.

பிறகு ஏன் போலீஸ் விடுவதில்லை? கருவியைக் கண்ட மிரட்சியில் சிலர் தாமாகவே வாய் திறப்பதுண்டு. எந்தப் பக்கம் தோண்டலாம் என்று ஒரு துப்பும் கிடைக்கலாம்.

ஆனால், இத்தகைய சோதனைகள் குறித்த செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று கோடு கிழித்துவிட்டது. யாரையும் கட்டாயப்படுத்தி இந்தச் சோதனைக்கு உட்படுத்த முடியாது. சம்மதம் மாஜிஸ்திரேட் முன் பதிவாக வேண்டும், வக்கீல் உதவி இருக்க வேண்டும். சம்மதித்தே நடந்தாலும் அந்த முடிவை மட்டும் சாட்சியமாக வைக்க முடியாது. அழைப்பு வந்தால் நீங்களும் மாட்டேன் என்று சொல்லலாம்.